லோக்கல் அனஸ்தீசியாவில் பிராஸ்டேட் பயாப்சி: மேஜையில் ஏறும் முன்

யூராலஜி ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் நர்ஸ் நான். பிராஸ்டேட்டில் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க, முழு மயக்கம் இல்லாமல் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து பயாப்சி (பரிசோதனைக்கு ஊசியால் சதைத் துணுக்கு எடுப்பது) எடுக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்; இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் அப்படி நிறுத்துவது ரொம்ப ஆபத்து. பல் பிடுங்கப் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். இங்கேயும் பெரும்பாலும் அதே மரத்துப்போகும் மருந்து, லிக்னோகெய்ன்தான்.

மேஜையில் கால்களைத் தூக்கி வைப்போம். இடுப்பு வலி, முட்டி வலி இருந்தால் அப்போதே வாயைத் திறக்க வேண்டும். பாதியில் அசைந்தால் ஸ்கேன் படமும் நகர்ந்துவிடும். ஆசனவாயில் அல்ட்ராசவுண்ட் புரோப் நுழையும்போது முக்காமல், வாயால் மெதுவாக மூச்சு விடுங்கள். பலருக்கு ஊசியைவிட இதுதான் சங்கடம்.

அப்புறம் மரத்துப்போகும் ஊசி, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில். தோலில் சுருக்கென்று எரியும். பிராஸ்டேட்டை ஒட்டி ஆழமாக இன்னொன்று போடுவார்கள். கஷ்டமான கட்டம் இவ்வளவுதான். மருந்து வேலை செய்யச் சில நிமிடம் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சதைத் துணுக்கு எடுக்கும் கருவியான பயாப்சி துப்பாக்கி ஸ்டேப்ளர் மாதிரி 'டக்'கென்று அடிக்கும், பெரும்பாலும் பன்னிரண்டு தடவையாவது. வலிக்காமலே அந்தச் சத்தத்துக்குத் துள்ளுகிறவர்கள் உண்டு. அதனால் முதலில் வெறுமனே ஒரு தடவை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள். ரிட்டயர்டு போலீஸ்காரர்கள் இதில் மோசம்: "வலிக்குதா சார்?" என்றால் "இல்லப்பா" என்பார்கள், கை மேஜை விளிம்பை நெரித்துக்கொண்டிருக்கும். மருந்துக்கு ஒரு உச்ச அளவு உண்டு. அதற்குள் இன்னும் கொஞ்சம் போட முடியும்.

தோல் வழியாக எடுப்பதால், மலக்குடல் வழியாக எடுப்பதைவிடக் கிருமித் தொற்று குறைவு. ஆனாலும் சிறுநீர் கழித்துக் காட்டிவிட்டே வீட்டுக்குக் கிளம்புங்கள். சில நாள் சிறுநீர் சிவப்பாக வரலாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, குளிரோடு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே வாருங்கள்.

விந்தில் பழுப்பு நிறம் சில வாரங்கள் இருக்கும். யாரும் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மனைவியிடமும் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.