பிடித்ததை நாலு பேரிடம் சொல்வது எப்படி

பிடித்த படங்கள் என்று நூறு பெயர்களை வரிசையாக இணையத்தில் போட்டால், பார்க்கிறவர் தனக்குத் தெரிந்த பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். தெரியாத ஒரு படத்தைத் தேடிப் பார்க்க அந்தப் பட்டியலில் அவருக்கு ஒரு காரணமும் கிடைக்காது. அதனால் முதலில் குறையுங்கள். பார்த்த படங்களைக் குறித்துவைக்கும் இணையதளமான லெட்டர்பாக்ஸ்டில் உங்கள் பக்கத்தின் மேலே 4 படங்களைத்தான் வைக்க முடியும். பிபிசி வானொலியில் 1942-இல் தொடங்கிய ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சியில், ஆளில்லாத தீவுக்குப் போனால் கூடவே எடுத்துப்போகும் 8 இசைப்பதிவுகளை விருந்தினர் சொல்ல வேண்டும். ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை சிறந்த படங்களுக்காக நடத்தும் வாக்கெடுப்பில் ஒருவருக்கு 10 படங்கள். எதை விடுவது என்று திணறும்போதுதான் எது உண்மையிலேயே பிடிக்கும் என்பது நமக்கே தெரியவரும், அதனால் அந்தத் திணறலைத் தவிர்க்காதீர்கள்.

தேர்ந்தெடுக்கும்போது, மதிப்பானவர் என்று காட்டிக்கொள்ள எதையும் சேர்க்க வேண்டாம். பாதியில் மூடிவைத்த பெரிய நாவலை விட, எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வருகிற ஒரு சாதாரண நகைச்சுவைப் படம் அந்த இடத்துக்குப் பொருத்தம். ஏனென்றால் அதைப் பற்றித்தான் உங்களால் நாலு வரி உருப்படியாக எழுத முடியும்.

அந்த நாலு வரிதான் முக்கியம். ‘மனதை உருக்கும் கதை’, ‘அற்புதமான இசை’ என்றெல்லாம் எழுதினால் அது எந்தக் கதைக்கும் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும். படைப்புக்குள்ளே போய் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். நாவலாக இருந்தால், ‘கதை முழுக்க ஒரே வீட்டுக்குள் நடக்கிறது, ஆனால் அம்மா மட்டும் ஓர் அறைக்குள் நுழைவதே இல்லை, ஏன் என்று வெகுநேரம் சொல்லாமலே கதை போகிறது’ என்று எழுதிப் பாருங்கள், அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று படிக்கிறவருக்குத் தெரிந்தாக வேண்டியிருக்கும். பாட்டு என்றால் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் தாளம் நின்று வயலின் மட்டும் தனியாகப் போகிற இடத்தைச் சொல்லுங்கள். யூடியூபில் பகிரும்போது எந்த நொடியிலிருந்து தொடங்க வேண்டும் என்று குறித்து அனுப்ப வசதி இருக்கிறது. ஓவியத்தை முழுசாகக் காட்டிய பிறகு, உங்களைப் பிடித்து நிறுத்திய மூலையைப் பெரிதாக்கி இன்னொரு படமாகப் போடலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் காப்புரிமை இல்லாத படைப்புகளின் சுமார் 3,75,000 படங்களை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது, அவற்றில் பல தூரிகைத் தடம் தெரிகிற அளவுக்குத் தெளிவானவை.

யாருக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். முதல் அரைமணி நேரம் மெதுவாகப் போகும், வன்முறை அதிகம், முடிவு தெளிவாக இருக்காது என்று ஒரு வரி போதும். அதைப் படித்த பிறகும் ஒருவர் பார்க்கத் தொடங்கினால் பாதியில் எழுந்து போக மாட்டார். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைத் தொடாமல் எழுதவே முடியாது என்றால் முதல் வரியிலேயே எச்சரித்துவிடுங்கள்.

அப்புறம், அவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். ஒரே பெயரில் பல படங்கள் இருப்பதால் ஆண்டும் இயக்குநர் பெயரும் தேவை. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரைக் கட்டாயம் போடுங்கள், ஒரே நாவல் இரண்டு கைகளில் இரண்டு விதமாக வரும், நீங்கள் ரசித்தது எது என்று தெரியாமல் அவர் மற்றதை வாங்கி ஏமாறலாம். பாட்டுக்குப் பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் மூவரும் வேண்டும். அதிலும் எழுதியவரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம், அது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம். மேடையில் பாடியதா ஒலிக்கூடத்தில் பதிந்ததா என்பதையும் குறியுங்கள்.

பகிர்வதில் உரிமையும் இருக்கிறது. கவிஞர் இறந்து இந்தியாவில் 60 ஆண்டுகள், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70 ஆண்டுகள் வரை கவிதைக்குக் காப்புரிமை உண்டு, எனவே முழுக் கவிதையையும் தட்டச்சு செய்து போடாமல் சில வரிகளைக் காட்டிவிட்டுப் புத்தகத்துக்கு வழி சொல்லுங்கள். இப்போது வரைந்துகொண்டிருப்பவரின் ஓவியம் என்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள், கையெழுத்து இருக்கும் ஓரத்தை வெட்டாதீர்கள். படத்தோடு இரண்டு வரி விவரிப்பும் சேர்த்தால், பார்வையில்லாதவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருள் அதைப் படித்துக் காட்டும்.

‘இதெல்லாம் ஒரு படமா’ என்று யாராவது வந்தால் வாதாட வேண்டாம், அவருக்குப் பிடித்தது எது, அதில் எந்த இடம் என்று கேளுங்கள். நிறைய பேர் இந்தக் கேள்விக்கு ஆர்வமாகவே பதில் சொல்வார்கள், சில சமயம் உங்களுக்கு அடுத்து பார்க்க ஒரு படமும் கிடைக்கும்.

எழுதியதன் பிரதி ஒன்றை உங்கள் கணினியிலும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், இணைய இணைப்புகள் செத்துப்போகும், பாட்டுகள் தளங்களிலிருந்து காணாமல் போகும். ரசனை மாறினால் பழைய பட்டியலைத் திருத்தாமல் புதிதாக ஒன்று எழுதுங்கள்.