காம்பியாவில் ஊர் சுற்ற: முதலில் எந்தக் கரை?

திருநெல்வேலியிலிருந்து காம்பியாவுக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, போகிற ஊர் காம்பியா ஆற்றுக்குத் தென்கரையா வடகரையா என்பதை. 50 கி.மீ. அகலம்கூட இல்லாத மேற்கு ஆப்பிரிக்க நாடு அது. நடுவே நீளவாக்கில் ஆறு. ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு நமக்கு சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. அங்கே தலைநகர் பாஞ்சுலுக்கும் எதிர்க்கரை பாராவுக்கும் இடையே ஃபெர்ரிதான்.

ஃபெர்ரி நன்றாக ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் அக்கரை. இன்ஜின் மக்கர் செய்தால் அரை நாள் போய்விடும். வண்டிகளின் வரிசைதான் நீளம். அதனால் வண்டியை இக்கரையிலேயே விட்டுவிட்டு, நடந்து ஏறி, அக்கரையில் வேறு வண்டி பிடியுங்கள். மரத் தோணிகளும் உண்டு. கரையில் ஆட்கள் உங்களைத் தோளில் தூக்கிப்போய் ஏற்றுவார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதும் உண்டு. லைஃப் ஜாக்கெட் தராத தோணியில் ஏறவே ஏறாதீர்கள். உள்நாட்டுப் பக்கம் கரை மாற, ஃபராஃபென்னியில் 2019 ஜனவரியில் திறந்த பாலம் இருக்கிறது.

ரயில் கிடையாது. ஊர்விட்டு ஊர் போக ‘கெலே கெலே’ வேன். நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். விடிந்ததும் போனால் சீக்கிரம் நிரம்பும். மத்தியானம் போனால் உட்கார்ந்தே கிடக்க வேண்டும். அவசரமென்றால் மிச்ச சீட்டுகளுக்கும் காசு கொடுத்துக் கிளம்பச் சொல்லலாம். மேலே ஏற்றும் பெட்டிக்குத் தனிக் கூலி. ஏற்றும் முன்பே பேசிவிடுங்கள். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைக்காதீர்கள், வழியில் போலீஸ் சோதனை உண்டு.

ஊருக்குள் மஞ்சள் டாக்ஸி. பச்சைக் கோடு போட்டிருக்கும். வேறு ஆட்களோடு ஏறினால் ஷேர் கட்டணம். காலி வண்டியில் பேசாமல் ஏறினால் ‘டவுன் ட்ரிப்’, அதாவது முழு வாடகை, என்று டிரைவர் எடுத்துக்கொள்வார். ஏறும் முன் எது என்று சொல்லிவிடுங்கள். கையில் சில்லறையாக டலாசி (அந்த ஊர்ப் பணம்) இருக்கட்டும். ஹோட்டல் வாசலில் நிற்கும் பச்சை டாக்ஸிக்குக் கட்டணம் அதிகம்.

1965-லிருந்து அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. ரோட்டைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். நம் பழக்கம் வலப்பக்கம்தான் திரும்பச் சொல்லும். இருட்டியபின் வெளியூர்ப் பயணம் வேண்டாம். விளக்கில்லாத கழுதை வண்டியும் மாடுகளும் ரோட்டில் நிற்கும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்கு 10 நாளாவது முன்னே போட்டுவிடுங்கள். ஊசி போட்டதற்கான சான்று அட்டை இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே நிறுத்தி, 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.