லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்குங்கள்: சிப்ரெஸில் பரிணாம மரம் கட்டும் முறை

"மேம், பூட்ஸ்ட்ராப் இன்னும் ஓடிட்டிருக்கு, லேப்டாப்பை மூடினா நின்னுடுமா?" ஆய்வேடு எழுதும் பருவம் வந்தால் எங்கள் விலங்கியல் துறையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பெரும்பாலும் நின்றுவிடும். அதனால்தான் பெரிய பரிணாம மரங்களை (எந்த இனம் எதற்கு நெருங்கிய சொந்தம் என்று காட்டும் கிளைப்படங்களை) சிப்ரெஸ் என்ற இணையச் சேவைக்கு அனுப்பச் சொல்கிறேன்.

பத்து இனங்களை வைத்துக்கொண்டு வேர் குறிக்காத மரங்களை 20,27,025 விதமாக வரையலாம். இருபது இனம் என்றால் 22-க்குப் பின்னால் 19 சுழியம். எந்த மென்பொருளும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை, நல்ல மரம் இருக்கும் பக்கமாகத் தேடிப் போகும், அவ்வளவுதான். அந்தத் தேடலையே பூட்ஸ்ட்ராப்புக்காக, அதாவது ஒவ்வொரு கிளையையும் எவ்வளவு நம்பலாம் என்று சோதிக்க, நூறு முறை, ஆயிரம் முறை திரும்பச் செய்யும்போதுதான் லேப்டாப் திணறுகிறது.

சிப்ரெஸ் என்பது அமெரிக்காவின் சான் டியாகோ சூப்பர்கம்ப்யூட்டர் மையம் நடத்தும் இணைய வாசல். பிரவுசர் இருந்தால் போதும், லினக்ஸ் கட்டளை தெரிய வேண்டியதில்லை. பின்னால் இருக்கும் எக்ஸ்பான்ஸ் இயந்திரத்தின் ஒரு நோடில் (தனிக் கணினி அலகில்) மட்டும் 128 கோர்கள் (கணக்கிடும் மையங்கள்). உலகம் முழுக்க ஆட்கள் பயன்படுத்துவதால் ஒவ்வொருவருக்கும் கோர்-மணிக் கணக்கு உண்டு: 8 கோரில் 10 மணி நேரம் ஓடினால் 80 போய்விடும். இலவச ஒதுக்கீடு காலத்துக்குக் காலம் மாறும். கணக்குத் திறந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

பழகுவதற்கு நான் கொடுப்பது ஊதாத் தவளை. வருடத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருந்துவிட்டு, முதல் மழைக்கு இனப்பெருக்கம் செய்ய மேலே வரும் உயிர். நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்று 2003-இல் பிஜுவும் போசுயிட்டும் இடுக்கியிலிருந்து விவரித்தார்கள். மரபணு மரம் போட்டபோது அதன் நெருங்கிய சொந்தம் மேற்குத்தொடர்ச்சி மலையில் இல்லை, கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருந்தது. 2017-இல் இரண்டாவது இனம், பூபதி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைச்சரிவிலிருந்து வந்தது. இவை இரண்டு, செஷல்ஸ் தவளைகள் நான்கு, நம் ஊர்த் தேரையும் வயல் தவளையும் சேர்த்து இன்னும் மூன்று, வெளிக்குழுவாக, அதாவது மற்ற ஒன்பதுக்கும் தூரத்துச் சொந்தமாக, தென்னாப்பிரிக்காவின் ஹீலியோஃப்ரைன் தவளை. மொத்தம் பத்து. உண்மையில் இந்தப் பத்தை உங்கள் லேப்டாப்பே முடித்துவிடும். 150 தவளை, ஐந்து ஜீன் என்று போகும் முன் கை பழக வேண்டுமே, அதற்காகத்தான்.

ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவகத்திலிருந்து 16எஸ் ஜீன் வரிசைகளை ஃபாஸ்டா என்ற எளிய எழுத்துக் கோப்பாக இறக்குங்கள். கூடவே வரும் தலைப்பு வரி நீளமாக இருக்கும்: பதிவெண், இனப்பெயர், மாதிரி எண், "பகுதி வரிசை" என்றெல்லாம். அதை இனப்பெயராகச் சுருக்குங்கள். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். இடைவெளி, காற்புள்ளி, முக்காற்புள்ளி, அடைப்புக்குறி கூடாது. மரத்தை எழுதிவைக்கும் வடிவத்திலேயே இந்தக் குறிகளுக்கு வேறு வேலை இருப்பதால் மென்பொருள் குழம்பிவிடும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தாலும் மரம் கட்டும் மென்பொருளான ராக்ஸ்எம்எல் நின்றுவிடும்.

அடுத்தது அலைன்மென்ட், அதாவது வரிசைகளை ஒத்த இடங்கள் ஒன்றின்கீழ் ஒன்று வரும்படி அடுக்குவது. சிப்ரெஸிலேயே அதற்கு மாஃப்ட் என்ற கருவி இருக்கிறது, அதில் போடலாம். ஆனால் வந்த விடையை அப்படியே மரத்துக்கு அனுப்பாதீர்கள். அலிவ்யூ, மெகா போன்ற மென்பொருளில் திறந்து, வண்ணங்களைப் பார்த்தபடி இடமிருந்து வலமாக ஒருமுறை போங்கள். ஒன்பது வரிசைகள் ஒத்துப்போக, ஒன்று மட்டும் தொடக்கம் முதல் கடைசிவரை எதனோடும் ஒட்டாமல் நின்றால், அது டிஎன்ஏவின் எதிர் இழையாகப் பதிவான வரிசையாக இருக்கலாம். திருப்பிப் போடாவிட்டால் மரத்தில் அந்தத் தவளைக்கு மட்டும் கிளை தாறுமாறாக நீளும். 16எஸ்ஸில் வளையப் பகுதிகள் இடைவெளிகளால் கந்தலாக இருக்கும், சந்தேகமான நெடுவரிசைகளை வெட்டிவிடுங்கள். 128 கோர் இருந்தாலும் தப்பான அலைன்மென்ட்டிலிருந்து வருவது தப்பான மரம்தான், என்ன, கொஞ்சம் வேகமாக வரும்.

சரி, இப்போது சிப்ரெஸ். உள்ளே நுழைந்து ஒரு ஃபோல்டர் உருவாக்கினால் அதற்குள் டேட்டா, டாஸ்க் என்று இரண்டு பகுதி வரும். அலைன்மென்ட்டை டேட்டாவில் ஏற்றுங்கள். புது டாஸ்க் திறந்து கோப்பைத் தேர்ந்தெடுத்து, கருவியாக ராக்ஸ்எம்எல்லை எடுங்கள். மாடலுக்கு, அதாவது டிஎன்ஏ எழுத்துகள் எப்படி மாறும் என்ற கணக்குக்கு, ஜிடிஆர்-காமா. கேட் மாடல் வேகமானது, ஆனால் ஐம்பது இனத்துக்குக் குறைந்த தரவுக்கு அது ஏற்றதல்ல. வெளிக்குழுப் பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள், பூட்ஸ்ட்ராப்பை இயக்குங்கள்.

எல்லோரும் தடுமாறும் இடம், எத்தனை மணி நேரம் கேட்பது என்பது. உச்சவரம்பு 168 மணி, அதாவது ஒரு வாரம். பயந்துகொண்டு அதையே போட்டுவிடுகிறார்கள். ஓடிய நேரத்துக்குத்தான் கணக்கில் கழியும் என்றாலும், நீளமாகக் கேட்ட வேலை வரிசையில் அதிக நேரம் காத்திருக்க வாய்ப்பு உண்டு. குட்டி வேலைகள்தான் இடுக்கில் புகுந்து முன்னே போகும். அதோடு, கோப்பில் ஏதாவது கோளாறு இருந்து வேலை சுற்றிக்கொண்டே இருந்தால் ஒதுக்கீடு முழுக்கக் கரைந்துவிடும். நான் சொல்வது: முதலில் அரை மணி. தொடங்கியதா, பெயர்களைப் படித்ததா, எவ்வளவு தூரம் போனது என்று இடைநிலை விடைகளில் பாருங்கள். அந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டு, கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். வேலை தோற்றால் எஸ்டிடி-அவுட், எஸ்டிடி-எர் என்ற இரண்டு கோப்புகளைத் திறங்கள். காரணம் பெரும்பாலும் அவற்றின் கடைசிச் சில வரிகளில் இருக்கும்.

மிஸ்டர்பேய்ஸ் என்ற இன்னொரு மரம் கட்டும் மென்பொருளை ஓட்டுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதற்குக் கொடுக்கும் நெக்ஸஸ் கோப்பின் கடைசிப் பகுதியில் ஆட்டோகுளோஸ் என்பதற்கு 'யெஸ்' (yes) கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டம் முடிந்ததும் "தொடரட்டுமா?" என்று அது கேட்கும், சான் டியாகோவில் பதில் சொல்ல ஆள் கிடையாது. இன்னொன்று, வழக்கமான அமைப்பில் இரண்டு ஓட்டம், ஒவ்வொன்றிலும் நான்கு சங்கிலி (ஒரே நேரத்தில் ஓடும் தேடல்), ஆக எட்டு. சின்னத் தரவுக்கு எட்டுக்கு மேல் கோர் கேட்டால் வீண். இரண்டு ஓட்டமும் ஒத்துப்போகிறதா என்று காட்டும் பிளவு அலைவெண்களின் சராசரித் திட்ட விலகல் 0.01-க்குக் கீழே வந்ததா என்று பாருங்கள், டிரேசர் மென்பொருளில் இஎஸ்எஸ் (பயனுள்ள மாதிரி அளவு) 200-ஐத் தாண்டியதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் இன்னும் ஓட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் மின்னஞ்சல் வரும். ராக்ஸ்எம்எல்_பைபார்ட்டிஷன்ஸ் என்று பெயர் தொடங்கும் கோப்பில் மரமும் பூட்ஸ்ட்ராப் மதிப்புகளும் சேர்ந்திருக்கும், ஃபிக்ட்ரீ என்ற மரம் பார்க்கும் மென்பொருளில் திறக்கலாம். ஊதாத் தவளையும் செஷல்ஸ் தவளைகளும் சேரும் கணுவைத் தேடிப் பாருங்கள். அங்கே மதிப்பு குறைவாக இருந்தால் சூப்பர்கம்ப்யூட்டரைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு பழைய பிரிவுக்கு 16எஸ்ஸின் ஒரு துண்டு போதாது. ராக்1 போன்ற உட்கரு ஜீனைச் சேர்த்து, ஜீன்வாரியாகப் பிரித்து மாடல் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

விடைக் கோப்புகளை உங்கள் டிஸ்க்கில் இறக்கி வையுங்கள், எந்தப் பதிப்பு மென்பொருள், எந்த ரேண்டம் விதை எண் (தேடலைத் தொடங்கிவைக்கும் எண்) என்ற விவரத்தோடு. ஆறு மாதம் கழித்து ஆய்விதழின் மதிப்பீட்டாளர் கேட்பது அதைத்தான். கட்டுரையில் சிப்ரெஸை மேற்கோள் காட்டவும் மறக்காதீர்கள். அந்த மேற்கோள்களைக் காட்டித்தான் அவர்கள் அடுத்த நிதி கேட்கிறார்கள்.