குளிரில் கூடாரத்துக்குள் தூங்க எந்த மேட் வாங்குவது?

அந்த இரவு 4 டிகிரி. என் ஸ்லீப்பிங் பேக் 0 டிகிரி வரை தாங்கும் என்று அதன் லேபிளிலேயே போட்டிருந்தது. ஆனாலும் நள்ளிரவு தாண்டியதும் இடுப்பும் தோளும் விறைத்துவிட்டன. மார்புப் பக்கம் கதகதப்பாக இருந்தது, முதுகுப் பக்கம் சில்லிட்டுக் கிடந்தது. பேக் போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை இன்னும் கனமானதை எடுத்துப் போனேன். அப்போதும் தூக்கமில்லை. கோளாறு பேக்குக்குக் கீழே கிடந்த மேட்டில் என்று புரிய எனக்கு மூன்று பயணங்கள் ஆயின. உங்களுக்கு அத்தனை இரவுகள் வீணாகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

காரணம் எளிமையானது. ஸ்லீப்பிங் பேக் சூட்டைக் காப்பது அதன் பஞ்சுக்குள் சிக்கியிருக்கும் காற்றால். நாம் மேலே படுத்ததும் அடிப்பக்கத்துப் பஞ்சு நசுங்கி அந்தக் காற்று வெளியேறிவிடும். அப்புறம் உடம்புக்கும் தரைக்கும் நடுவே இருப்பது மேட் மட்டும்தான். அது சரியில்லை என்றால் தரை விடியும்வரை நம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

படி 1: இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பாருங்கள்

பகல் வெயிலை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். போகும் இடத்தில் விடியற்காலையில் எவ்வளவு இறங்கும் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தரை ஈரமாக இருக்கும் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் குளிரைச் சேர்த்தே திட்டமிடுங்கள்.

படி 2: ஆர் மதிப்பைப் படியுங்கள் (நான் தடுக்கி விழுந்த இடம்)

மேட் தடிமனாக இருந்தால் குளிர் ஏறாது என்று நம்பியிருந்தேன். அதனால் 8 செ.மீ. உயரக் காற்று மேட் ஒன்றை வாங்கினேன். மெத்தென்று இருந்தது. ஆனால் உள்ளே வெறும் காற்றுதான், வேறு எந்தக் காப்பும் கிடையாது. பெரிய அறைக்குள் காற்று சும்மா நிற்காது. உடம்பு பட்டுச் சூடான காற்றும் தரை பட்டுக் குளிர்ந்த காற்றும் உள்ளே புரண்டு கலந்துகொண்டே இருக்கும். அந்தப் புரளலே சூட்டைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 2 செ.மீ. ஃபோம் மேட்டில் காற்று கோடிக்கணக்கான சின்னஞ்சிறு குமிழ்களில் அடைபட்டு அசையாமல் நிற்கிறது. அதனால் அந்த மெல்லிய ஃபோமே என் 8 செ.மீ. மேட்டைவிடச் சூட்டை நன்றாகக் காத்தது.

எனவே தடிமனை வசதிக்காகப் பாருங்கள். குளிருக்கு ஆர் மதிப்பு என்ற எண்ணை மட்டும் பாருங்கள். சூடு கடந்து போவதை மேட் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு அது. எண் கூடினால் தடுப்பும் கூடும். 4 என்பது 2-ஐப் போல இரண்டு மடங்கு தடுக்கும்.

நான் பின்பற்றும் தோராயக் கணக்கு இது:

- இரவு 10 டிகிரிக்கு மேல் என்றால் 2 போதும்.
- 10 முதல் 0 டிகிரி வரை என்றால் 3 முதல் 4.
- 0-க்குக் கீழே என்றால் 5.
- பனியின் மேல் படுப்பதானால் 6 அல்லது அதற்கு மேல்.

எளிதில் குளிரும் உடம்பு என்றால் ஒரு எண் கூட்டிக்கொள்ளுங்கள். தேவைக்கு மேல் ஆர் மதிப்பு இருந்தால் கோடையில் வியர்க்குமோ என்று பயப்பட வேண்டாம். மேட் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை.

ஒரு எச்சரிக்கை. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த முறையில் அளந்து எண் போட்டது. ஒருவருடைய 4-ஐ இன்னொருவருடைய 4-உடன் ஒப்பிடவே முடியாது. 2018-இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத் தர அளவை வந்தது. மேட்டை ஒரு சூடான தகட்டுக்கும் குளிர்ந்த தகட்டுக்கும் நடுவில் வைத்து, சூடான தகட்டின் சூடு இறங்காமல் இருக்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளக்கிறார்கள். அட்டையில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆர் மதிப்பே போடாமல் 'மைனஸ் 10 வரை தாங்கும்' என்று மட்டும் எழுதியிருக்கும் மேட்டை நான் தொடுவதில்லை.

படி 3: எந்த வகை?

ஃபோம் மேட் சுமார் 400 கிராம்தான். முள் குத்தினாலும் கவலையில்லை, ஊதவும் வேண்டாம். ஆனால் ஆர் மதிப்பு பெரும்பாலும் 2-ஐச் சுற்றியே நிற்கும். தெர்மாரெஸ்ட் கம்பெனியின் இசட் லைட் சோல் என்ற ஃபோம் மேட்டும் அப்படித்தான், 2.0.

தானாகக் காற்றேறும் மேட்டுக்குள் திறந்த துளையுள்ள ஃபோம் இருக்கும். நம்பகமானது, சத்தம் போடாது, ஆனால் கனம். கார் நிற்கும் இடத்திலேயே கூடாரம் போடுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

காப்பு வைத்த காற்று மேட்டில் செயற்கைப் பஞ்சோ, வாத்தின் மென்தூவியோ, சூட்டைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான தாளோ உள்ளே இருக்கும். எடை குறைவு, சூடு அதிகம். ஓட்டை விழுந்தால் மட்டும் அந்த இரவு போச்சு.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இரண்டும் சேர்ந்தது: கீழே ஒரு ஃபோம், மேலே ஆர் மதிப்பு 3 உள்ள காற்று மேட். ஆர் மதிப்புகளை அப்படியே கூட்டிக்கொள்ளலாம், 2-உம் 3-உம் சேர்ந்தால் 5. வெயில் காலத்தில் ஒன்றை மட்டும் எடுத்துப் போகலாம். காற்று மேட் பழுதானாலும் ஃபோம் கைகொடுக்கும். கீழே இருக்கும் ஃபோம் முள்ளையும் கல்லையும் தடுத்துவிடும்.

படி 4: அகலம்

வழக்கமான அகலம் 51 செ.மீ. மல்லாந்து படுத்தால் முழங்கை வெளியே நழுவித் தரையைத் தொடும். ஆர் மதிப்பு எவ்வளவு இருந்தாலும் நழுவிய கைக்கு அதனால் பயனில்லை. புரண்டு படுப்பவர்கள் 64 செ.மீ. அகலத்தையே வாங்குங்கள், கூடும் எடையைப் பார்க்காதீர்கள். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு 7 செ.மீ. உயரமாவது வேண்டும், இல்லையென்றால் இடுப்பெலும்பு தரையில் இடிக்கும்.

படி 5: கிளம்பும் முன் வீட்டிலேயே சோதியுங்கள்

மேட்டை ஊதி, மேலே கனமான சாமான் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தட்டையாகிப் போயிருந்தால் சோப்பு நீர் தடவிப் பாருங்கள், குமிழி வரும் இடம்தான் ஓட்டை. வால்விலிருந்து தொடங்குங்கள்.

ஊதுவதற்கு வாயைப் பயன்படுத்த வேண்டாம். மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், தூவி இருந்தால் கட்டிதட்டும். துணிப்பை போன்ற பம்ப் சாக் போதும். பேட்டரி பம்பைவிட அதையே விரும்புகிறேன், குளிரில் சார்ஜ் இறங்கும் கவலை இல்லை.

மாலையில் நிரப்பிய மேட் இரவில் தொய்ந்தால் உடனே ஓட்டை என்று முடிவு கட்டாதீர்கள். 20 டிகிரியில் ஊதிய காற்று 5 டிகிரிக்கு இறங்கும்போது கிட்டத்தட்ட 5 விழுக்காடு சுருங்கிவிடும். படுக்கும் முன் நாலு தடவை காற்றை ஏற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை:

*மேட்டுக்குக் கீழே வெள்ளித் தாள் போர்வையை விரித்தால்?* அதையும் செய்து பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. அந்தத் தாள் கதிர்வீச்சாக வரும் சூட்டைத்தான் திருப்பும், அதற்கும் எதிரே காற்று இடைவெளி வேண்டும். தரையோடு ஒட்டிக் கிடக்கும்போது சூடு தொடுகை வழியாகவே போய்விடுகிறது. ஈரம் தடுக்க வேண்டுமானால் விரியுங்கள்.

*மடிப்புக் கட்டிலில் படுத்தால் மேட் வேண்டாமா?* கட்டாயம் வேண்டும். கட்டிலுக்கு அடியில் குளிர்காற்று ஓடிக்கொண்டிருக்கும், பேக்கின் அடிப்பக்கம் அங்கேயும் நசுங்கித்தான் இருக்கும். நான் கட்டிலின் மேலும் ஃபோம் மேட்டைப் போட்டுக்கொள்கிறேன்.

*வீட்டில் சுருட்டி வைக்கலாமா?* ஃபோமைச் சுருட்டலாம், வெயிலில் மட்டும் விட்டுவிடாதீர்கள். தானாகக் காற்றேறும் மேட்டை விரித்து, வால்வைத் திறந்தபடி வையுங்கள். மாதக்கணக்கில் சுருட்டியே வைத்தால் உள்ளிருக்கும் ஃபோம் நசுங்கிப் பழகி, அப்புறம் முழுதாக எழும்பாது.