சொறி சிரங்கை வீட்டோடு ஒழிப்பது: ஹெப்ரா காட்டிய வழி

விரலிடுக்கு, மணிக்கட்டின் உட்பக்கம், கமக்கட்டு, தொப்புளைச் சுற்றி, பிட்டம். இந்த இடங்களில் பரு கிளம்பி, படுத்த பிறகு கடி (அரிப்பு) கூடினால் அது பெரும்பாலும் சொறிதான். விரலிடுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: சில மில்லிமீற்றர் நீளத்தில், சாம்பல் நிற நூல்போல வளைந்த ஒரு கோடு தெரியும். பேனை மையைப் பூசி ஸ்பிரிட்டால் துடைத்தால் கோட்டுக்குள் மட்டும் மை நிற்கும். அதுதான் சொறியை உண்டாக்கும் சிறு பூச்சி தோலுக்குள் தோண்டிய வளை. முட்டையிடும் பெண்பூச்சி அதன் நுனியில் இருக்கும். நீளம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு.

"இரத்தம் கெட்டுப்போச்சு" என்று இன்றும் சொல்கிறோம். 1840களில் வியன்னா வைத்தியர்களும் உடம்பின் கெட்ட நீர்தான் இப்படி வெளிவருகிறது என்று நம்பினார்கள். அங்கே சொறிக்காரரின் வார்ட்டைப் பார்த்த வைத்தியர் பேர்டினண்ட் வொன் ஹெப்ரா (1816–1880) பூச்சியைத் தன் தோலிலேயே விட்டுப் பார்த்தார். நோய்க்குக் காரணம் பூச்சியே, வெளியே பூசும் மருந்தே போதும் என்று 1844இல் எழுதினார். தோல் மருத்துவம் தனித்துறையாக எழுந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பேதி மருந்தும் பத்தியமும் சொறிக்கு வேண்டியதில்லை. திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தாலும், கடலில் முழுகினாலும் வளைக்குள் இருக்கும் பூச்சி சாகாது.

மருந்து 5% பெர்மெத்ரின் கிறீம், பெரியவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம். வீட்டிலுள்ள எல்லோரும், கடி இல்லாதவரும், ஒரே இரவில் பூச வேண்டும். முதல் தடவை தொற்றினால் கடி தொடங்க 4 முதல் 6 கிழமை எடுக்கும். அதனால் கடி இல்லாத அம்மம்மாவிடமும் பூச்சி இருக்கலாம். மருந்து தோற்பதற்கு முதற் காரணம் இப்படி ஒருவரைப் பூசாமல் விடுவதுதான். இரவில் கடற்றொழிலுக்குப் போகிறவர் கரையில் நிற்கும் நாளாகப் பார்த்துத் திகதி வையுங்கள்.

குளித்துத் துவட்டி, வேர்வை அடங்கியபின் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூசுங்கள். நகத்தடி, தொப்புள், மறைவிடம் எதையும் விடக்கூடாது. கைக்குழந்தைக்குத் தலை, முகத்திலும் வேண்டும், கண்ணும் வாயும் தவிர. 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வைத்தியரிடம் கேட்காமல் பூச வேண்டாம். இரவு 8 மணிக்குப் பூசினால் காலை 6 மணிக்குக் கழுவலாம். இடையில் கை கழுவினால் கைக்குத் திரும்பப் பூசுங்கள், பலர் மறப்பது இதைத்தான். ஏழாம் நாள் இன்னொரு முறை பூசுங்கள். முதல் தடவை தப்பிய முட்டையில் பொரித்தவை அப்போது சாகும்.

கழுவிய காலையே கடைசி மூன்று நாள் பாவித்த சாரம், துவாய், பெட்சீற், தலையணை உறை எல்லாவற்றையும் கொதிநீரில் ஊறவைத்துத் தோய்த்து வெயிலில் போடுங்கள். தோய்க்க முடியாததைப் பையில் இறுகக் கட்டி நாலு நாள் வைத்தால் போதும், உடம்பை விட்ட பூச்சி 2, 3 நாளுக்கு மேல் தாங்காது.

பூச்சி செத்தபின்னும் கடி 2 முதல் 4 கிழமை இருக்கும். செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலில் கிடப்பதால் வருவது அது. பயந்து தினமும் மருந்தைப் பூசினால் தோல்தான் எரியும். புது வளை தெரிந்தால் மட்டும் மறுபடி தொடங்குங்கள். ஸ்டீரொயிட் கிறீம் பூசவே வேண்டாம். கடி அடங்கியதுபோல் இருக்கும், உள்ளே பூச்சி பெருகும்.

சொறிந்த புண்ணில் சீழ் வைத்தால் அதற்கு வேறு மருந்து வேண்டும், தாமதிக்காமல் காட்டுங்கள். சீழ் வைக்கும் கிருமியால் சிறுநீரகம் கெடலாம். பிள்ளையின் முகம் காலையில் வீங்கியிருந்தால், சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால், அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.