ஹோட்டல் வேலைக்குப் புதிதா? முதலில் உங்கள் போனைச் சரிசெய்யுங்கள்

ஏப்ரல், மே வந்தால் இலங்கையின் கிழக்குக் கரையில் பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் சுற்றுலா சீசன். புதிதாகச் சேரும் தம்பி தங்கச்சிமாருக்கு மேசை வைக்கவும் கட்டில் விரிக்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். விருந்தினரின் விவரம் தங்கள் போனுக்குள் வந்தால் என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

முதல் படி: பாஸ்போட் படம்

ரிசெப்ஷனில் கூட்டம் என்றால், "தம்பி, இதைப் படம் எடுத்து குரூப்பில போடு" என்பார்கள். அந்தப் படம் உங்கள் கேலரியில் இருக்கும், கூகுள் போட்டோஸில் இருக்கும், குரூப்பில் உள்ள ஒவ்வொருவர் போனிலும் இருக்கும். வேலையை விட்டுப் போனவர்கூட அந்தக் குரூப்பில் இருக்கலாம். பாஸ்போட் இலக்கமும் பிறந்த திகதியும் முகமும் ஒன்றாகக் கிடைத்தால் ஒருவர் பெயரில் மோசடி செய்வது சுலபம்.

ஆகவே ஹோட்டலின் ஸ்கேனரை அல்லது ஹோட்டல் போனைக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வேறு வழியில்லாமல் எடுத்துவிட்டால், விவரத்தைப் பதிந்தவுடன் வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழியும்படி நீக்குங்கள். இரண்டு நாளுக்கு மேல் தாமதித்தால் அந்த வசதி கிடைக்காது. கேலரியிலும் அழித்துவிட்டு, அப்புறம் கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியையும் காலிசெய்யுங்கள். பேக்கப் ஆன படம் அங்கே 60 நாள் வரை கிடக்கும். அன்ட்ரொய்ட் போன் என்றால் வட்ஸ்அப் செட்டிங்ஸில் 'சட்ஸ்' பகுதிக்குப் போய் 'மீடியா விசிபிலிட்டி'யை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் படங்கள் கேலரியில் தெரியாது.

தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமே நம் நாட்டில் இருக்கிறது. முகாமையாளரிடம் பேசும்போது அதைச் சொல்லலாம்.

இரண்டாம் படி: பதிவு போடுமுன்

கடலில் குளிப்பவரையும் சேர்ஃபிங் செய்பவரையும் கேட்காமல் எடுத்து டிக்டொக்கில் போடாதீர்கள். அவர் சரி என்றாலும் அறை இலக்கம், எந்த நாட்டுக்காரர், எத்தனை நாள் தங்குகிறார் என்பதெல்லாம் வேண்டாம். அறுகம்குடாவில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் 2024 ஒக்டோபர் 23 அன்று எச்சரித்தது நினைவிருக்கும். யார் எங்கே தங்கியிருக்கிறார் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மூன்றாம் படி: லிங்க்

"உங்கள் அறையில் மூட்டைப்பூச்சி, படம் இந்த லிங்கில்" என்று விருந்தினர் போல மெயில் வரும். பதறிப்போய் அழுத்தி கடவுச்சொல்லைக் கொடுத்தால் ஹோட்டலின் புக்கிங் கணக்கு திருடன் கைக்குப் போய்விடும். பிறகு அவன் ஹோட்டல் பெயரிலேயே விருந்தினருக்கு எழுதி கார்ட் விவரம் கேட்பான். லிங்கைத் தொடாமல், புக்கிங் தளத்தை நீங்களே திறந்து அப்படி ஒரு முன்பதிவு உண்டா என்று பாருங்கள்.

நான்காம் படி: வட்ஸ்அப் பூட்டு

செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். 6 இலக்க எண் ஒன்றைப் போடுங்கள். பிறந்த திகதி வேண்டாம். குறுந்தகவலில் வரும் ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், முகாமையாளர் பெயரில் கேட்டாலும்தான்.

ஐந்தாம் படி: தவறி அழுத்திவிட்டால்

ஏச்சு விழும் என்று மறைக்காதீர்கள். உடனே முகாமையாளரிடம் சொல்லி, வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தை 101 இல் அழைக்கலாம். அன்று முன்பதிவு செய்திருந்த விருந்தினர்களுக்கும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.