பார்லி கேலஸில் பச்சை வந்தது இப்படித்தான்

மூன்று முறை பார்லி கேலஸ், அதாவது நாற்று முளைக்க வைக்கக்கூடிய உருவமற்ற செல் கட்டி, வளர்த்தேன். முளைத்ததெல்லாம் பெரும்பாலும் வெள்ளை நாற்றுகள். பச்சையம் இல்லாததால் மண்ணில் பிழைக்காது. முதலில் விளக்கைச் சந்தேகப்பட்டேன், வீண் வேலை.

கோளாறு இரண்டு இடத்தில். ஒன்று, விதை முற்றியிருந்தது. அப்புறம் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் இளங்கருவாகப் பார்த்து எடுத்தேன். நுண்ணோக்கியின் கீழ் கரு அச்சை (முளையாக வளரும் பகுதி) கிள்ளிவிட்டு, ஸ்குட்டெல்லம் (கருவின் கேடயம் போன்ற விதையிலை) மேலே பார்க்கும்படி வைத்தேன். அச்சை விட்டுவைத்தால் அது பாட்டுக்கு முளைத்துவிடும்.

இன்னொன்று செம்பு. எம்எஸ் ஊடகத்தில் (திசு வளர்ப்புக்கான முராஷிகே-ஸ்கூக் ஊட்டக் கலவை) காப்பர் சல்பேட் 0.1 மைக்ரோமோலார்தான், அதை 5 ஆக்கினேன். லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் டைகாம்பா (கேலஸை உண்டாக்கும் வளர்ச்சி ஊக்கி), இருட்டு, 24 டிகிரி எல்லாம் பழையபடியே.

வெளிச்சத்துக்கு மாற்றிய தட்டில், வெண்ணெய் நிறக் கட்டியின் மேல் ஊசிமுனை அளவில் பச்சைப் புள்ளிகள். வெள்ளை இன்னும் ஒன்றிரண்டு வருகிறது, சரி, போகட்டும்.